ஒற்றை நட்சத்திரமும் தேக்காக் கடைகளும்: இணைய விமர்சனத்தை வணிகர் எதிர்கொள்ளும் வழிகள்

ஒரு கடையில் பொருளோ சேவையோ பெற்றவர் அதைப் பற்றித் தம் கருத்தை எழுதி, 1 முதல் 5 வரை நட்சத்திரமிட்டு, எல்லாரும் பார்க்கும்படி வைப்பதே இணைய விமர்சனம். கூகல் வரைபடம், டிரிப்அட்வைசர், ஃபேஸ்புக், உணவு விநியோகச் செயலிகள் ஆகியவை இதற்கான முக்கியத் தளங்கள். எழுதுபவரிடம் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். கடைக்குள் கால் வைத்ததற்குப் பெரும்பாலான தளங்கள் சான்று கேட்பதில்லை. அதனால் உண்மையான குறையும், கோபத்தில் ஊதிப் பெருக்கியதும், முழுப் பொய்யும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இவற்றைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வழியில் பதில் செய்வதே வணிகர் முன்னுள்ள வேலை. கருத்துக்குப் பொறுமை, பொய்த் தகவலுக்குச் சான்று, மெய்யான குறைக்குத் திருத்தம் என்ற மூன்றும் இடம் மாறினால் சிறிய விமர்சனம்கூடப் பெரிய இழப்பாகிவிடும்.

தேக்காவின் வாடிக்கையாளர்கள்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்றும் அழைக்கப்படும் தேக்கா வட்டாரத்தில் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. சிராங்கூன் சாலை, பஃபலோ சாலை, கேம்பல் லேன், ரேஸ் கோர்ஸ் சாலை ஆகியவற்றைச் சுற்றி உணவகங்கள், நகைக்கடைகள், பூக்கடைகள், துணிக்கடைகள், மளிகைக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. 1982-ல் சூ ஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டு 2000-ல் தேக்கா நிலையம் என்று பெயர் மாறிய கட்டடத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடிக் கடைகளும் இயங்குகின்றன. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் போன்ற உணவகங்களும் இங்கே உண்டு. இக்கடைகள் பெயரெடுத்த காலத்தில் விளம்பரம் வாய்ப்பேச்சாகவே இருந்தது. குறை இருந்தால் வாடிக்கையாளர் கல்லாவுக்கு வந்து முதலாளியிடம் நேரில் சொல்வார். அங்கேயே பேசித் தீர்ப்பார்கள், அல்லது அடுத்த கடைக்குப் போவார்.

இன்று இங்கே வருபவர்கள் மூவகையினர். தீவின் பல பகுதிகளிலிருந்து வரும் உள்ளூர்க் குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் திரளும் வெளிநாட்டு ஊழியர்கள், சுற்றுப்பயணிகள். முதல் இரு பிரிவினரும் பழகிய கடையைத் தேடிப் போகிறவர்கள். பிடித்திருந்தால் மீண்டும் வருவார்களே தவிர எழுதுவது அரிது. எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கைப்பேசியைப் பார்த்துக் கடையைத் தேர்பவர் சுற்றுப்பயணி. எழுதுபவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே ஒரு கடையின் நட்சத்திரக் கணக்கு அதில் சாப்பிடும் எல்லாருடைய தீர்ப்பையும் காட்டுவதில்லை. மீன்தலைக் கறியின் காரம், இலையில் கையால் உண்பது, தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்வது, கூட்டத்தில் மேசையைப் பகிர்வது ஆகியவை ஒருவருக்கு இயல்பு, மற்றவருக்குக் குறை. தேக்காவில் வரும் பாதகமான விமர்சனங்களில் ஒரு பகுதி இந்த எதிர்பார்ப்பு வேறுபாட்டில் பிறக்கிறது. அத்தகைய விமர்சனத்தைப் பொய் என்று சீறுவதும் பிழை, கடையின் இயல்பையே மாற்றிக்கொள்வதும் பிழை.

ஒரு நட்சத்திரத்தின் கணக்கு

நட்சத்திரங்கள் வருமானத்தைத் தொடுகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டல் நகர உணவகங்களின் வருவாயை யெல்ப் தள மதிப்பீட்டோடு ஒப்பிட்டார். மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்வதாக அவர் கண்டார். பெரிய சங்கிலித்தொடர் உணவகங்களில் இந்த விளைவு தென்படவில்லை. தனி முதலாளிகளின் உணவகங்களில்தான் தெரிந்தது. சங்கிலித்தொடர்க் கடையின் பெயரை வாடிக்கையாளர் ஏற்கெனவே அறிவார். தெரியாத கடைக்குள் நுழைபவருக்கு நட்சத்திரமே அறிமுகம். தேக்காவில் இருப்பவை பெரும்பாலும் தனி முதலாளிகளின் கடைகள்.

கடை புதியதாக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். 10 விமர்சனங்களுடன் 4.6 சராசரி பெற்ற ஒரு புதிய கடைக்கு ஒற்றை நட்சத்திரம் ஒன்று வந்தால் சராசரி ஏறக்குறைய 4.3-க்கு இறங்கும். பழைய நிலைக்குத் திரும்ப அதன்பின் 9 பேர் 5 நட்சத்திரம் தர வேண்டும். 400 விமர்சனங்களும் 4.4 சராசரியும் உள்ள பழைய கடையில் அதே ஒற்றை நட்சத்திரம் 0.01 அளவுகூடக் குறைப்பதில்லை. நேர்மையான விமர்சனங்களைத் தொடர்ந்து சேர்த்து வைப்பதுதான் அநியாயமான ஒன்றிலிருந்து கடையைக் காக்கும் முதல் அரண்.

குறை உண்மையாக இருக்கும்போது

பாதகமான விமர்சனம் எல்லாமே அநியாயம் என்று கருதும் பழக்கம் வணிகருக்கே கேடு. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் ஸ்குவேரில் 2014-ல் நடந்தது இதற்குச் சான்று. ஐபோன் வாங்க வந்த வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவரிடம் உத்தரவாதக் கட்டணம் என்று மேலும் 1,500 வெள்ளி கேட்கப்பட்டது. பணத்தைத் திரும்பத் தரும்படி அவர் கடையில் மண்டியிட்டு அழுத காணொளி அவ்வாண்டு நவம்பரில் பரவியது. அதற்கு முந்தைய 3 மாதங்களில் மட்டும் அந்தக் கடையைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸுக்கு 25 புகார்கள் வந்திருந்தன. கடை உரிமையாளருக்கு 2015-ல் 33 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2016-ல் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் திருத்தப்பட்டு, முறைகேடான வணிகர்களை விசாரிக்கும் அதிகாரம் அரசு அமைப்புக்கு வழங்கப்பட்டது. 2018 ஏப்ரல் முதல் அப்பொறுப்பைப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் ஏற்றுள்ளது.

இந்த நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. கோபமுற்ற இணையவாசிகள் உரிமையாளரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளியிட்டார்கள். குற்றத்தைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. திரண்ட கூட்டம் அதைக் கையில் எடுக்கும்போது ஆளடையாளம் தவறி, குற்றமற்றவர் துன்புறவும் கூடும். வாடிக்கையாளரின் குரலுக்கு மதிப்பும் வேண்டும், அந்தக் குரலுக்கு எல்லையும் வேண்டும் என்ற இரண்டையும் சிங்கப்பூர்ச் சட்டம் பின்னர் சேர்த்தே கவனிக்கத் தொடங்கியது.

விமர்சனத்தைப் பிரித்துப் படித்தல்

பதில் எழுதுவதற்கு முன் விமர்சனத்தைக் கூறுகூறாகப் பிரிக்க வேண்டும். பஃபலோ சாலையில் ஓர் உணவகத்துக்கு இப்படி ஒரு விமர்சனம் வந்ததாக வைத்துக்கொள்வோம்: “ஞாயிறு இரவு 9 மணிக்குப் போனோம். மட்டன் பிரியாணிக்கு 40 நிமிடம் காக்க வைத்தார்கள். கறி வேகவில்லை. பரிமாறியவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். சிங்கப்பூரிலேயே மோசமான பிரியாணி.”

இதில் 4 தகவல்களும் ஒரு கருத்தும் உள்ளன. நாளும் நேரமும் பில் பதிவில் தெரியும். காத்திருந்த நேரத்தைச் சமையலறைக்குப் போன ஆர்டர் சீட்டையும் பில்லையும் ஒப்பிட்டால் அறியலாம். கறி வேகாததைப் பற்றி அன்று அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்கள் ஏதும் சொன்னார்களா என்று சமையற்காரரிடமும் பரிமாறியவர்களிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். கத்தியது பற்றிக் கேமரா பதிவு ஓரளவு சொல்லும். அதைப் பல கடைகளில் சில வாரங்களுக்கே வைத்திருப்பார்கள் என்பதால் உடனே எடுத்துச் சேமிக்க வேண்டும். கடைசி வாக்கியம் வெறும் கருத்து. அதை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அன்று கடையே திறக்கவில்லை என்றாலோ, மட்டன் பிரியாணியே அங்கு விற்பதில்லை என்றாலோ, விமர்சனம் போலியாகவோ வேறு கடையைப் பற்றியதாகவோ இருக்கலாம். இந்த விசாரணை முடியும் முன் எழுதும் பதில் கோபத்தின் பதிலாகவே இருக்கும்.

பதில் எழுதும் முறை

மேற்சொன்ன எடுத்துக்காட்டில் தாமதம் மெய் என்று தெரிந்தால் பதில் இவ்வாறு அமையலாம்: “வணக்கம். ஞாயிறு இரவு நீங்கள் நெடுநேரம் காத்திருந்தது உண்மை. அதற்காக வருந்துகிறோம். அன்று சமையலறையில் ஆள் குறைவாக இருந்தும் தொடர்ந்து ஆர்டர் எடுத்தோம். அது எங்கள் தவறு. 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் இனி முதலிலேயே சொல்லிவிடுவோம். கறியைப் பற்றியும் பரிமாறியவரைப் பற்றியும் உங்களிடம் விவரமாகக் கேட்க விரும்புகிறோம். கடை எண்ணுக்கு அழைத்து மேலாளரிடம் பேசுங்கள்.”

தெரிந்ததை இப்பதில் ஒப்புக்கொள்கிறது, தெரியாததை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. செய்த மாற்றத்தைக் குறிப்பாகச் சொல்கிறது. பிரியாணியின் சுவையைப் பற்றி வாதிடவில்லை. தனிப்பேச்சுக்கு வழி வைக்கிறது. எழுதியவர் இதைப் படிக்காமலே போகலாம். ஆனால் நாளை அந்தக் கடைக்குப் போகலாமா என்று யோசிக்கும் பலர் படிப்பார்கள், பதில் அவர்களுக்கும் சேர்த்துத்தான். விமர்சனம் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்திலும் தமிழில் இருந்தால் தமிழிலும் எழுதுவது முறை. எல்லாருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டிக்கொண்டு போவது பதிலே எழுதாததற்குச் சமம்.

பதில் எழுதுவதால் பயன் உண்டா என்பதை டேவிட் புரோசெர்பியோ, ஜியார்ஜியோஸ் செர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் டிரிப்அட்வைசர் தளத்தில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு விமர்சனங்கள் 12 விழுக்காடு கூடின. மதிப்பீடு சராசரியாக 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. பாதகமான விமர்சனங்கள் எண்ணிக்கையில் குறைந்து நீளத்தில் கூடின. நிர்வாகம் படிக்கிறது, பதில் சொல்கிறது என்று தெரிந்ததும் காரணமின்றி வசைபாடுவோர் தயங்கினார்கள்; காரணம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினார்கள்.

பதிலில் வாடிக்கையாளரின் சொந்த விவரங்களை வெளியிடுவது பெரும்பிழை. 2012-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. தன்னைக் குறைகூறிய வாடிக்கையாளரின் விவரங்களை ஃபேஸ்புக்கில் வெளியிட்ட வீடு மாற்றும் நிறுவனம் ஒன்று அச்சட்டத்தை மீறியதாக 2017-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தீர்மானித்தது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் குற்றமும் ஆகிவிட்டது. விமர்சித்தவரின் பெயர், தொலைபேசி எண், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைப் படமெடுத்துப் போடும் முதலாளி தம் பக்க நியாயத்தைத் தாமே இழக்கிறார்.

தளத்திடம் முறையிடுதல்

விமர்சனம் போலி என்று தெரிந்தால் அடுத்த படி தளத்திடம் புகாரளிப்பது. கடைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கூகல் எதையும் நீக்குவதில்லை. போட்டிக் கடைக்காரரோ வேலையை விட்டுப்போன ஊழியரோ எழுதியது, கடைக்குத் தொடர்பில்லாதது, இன வெறுப்பு, ஆபாசம், மிரட்டல், ஆளமர்த்தி எழுதியது ஆகியவையே நீக்கத்துக்கான காரணங்கள். கடையின் கூகல் கணக்கிலிருந்து புகாரளிக்கும்போது பொருத்தமான காரணத்தைச் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன்பே விமர்சனத்தையும் எழுதியவரின் மற்றப் பதிவுகளையும் தேதியோடு படமெடுத்து வைப்பது நல்லது. ஒரே நாளில் பல ஊர்க் கடைகளுக்கு ஒற்றை நட்சத்திரமிட்ட கணக்கு, படமோ பெயரோ இல்லாத புதுக் கணக்கு, ஒரே வாசகத்தில் வரும் பல பதிவுகள் ஆகியவை போலியின் அடையாளங்கள். கொள்கையை மீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட விமர்சனங்களை 2023-ல் தடுத்ததாக அல்லது நீக்கியதாகக் கூகல் அறிவித்தது. புகார் நிலுவையில் இருக்கும் காலத்தில், “இப்படி ஓர் ஆர்டர் எங்கள் பதிவில் இல்லை, பில் இருந்தால் காட்டுங்கள், உடனே கவனிக்கிறோம்” என்று இரு வரி எழுதி வைப்பது போதும்.

“பணம் கொடு, இல்லாவிட்டால் ஒற்றை நட்சத்திரம்” என்ற மிரட்டல் தனி வகை. இலவசச் சாப்பாடு கேட்பவரிலிருந்து வெளிநாட்டிலிருந்து போலிப் பதிவுகளைக் குவித்துவிட்டுப் பணம் கேட்கும் கும்பல் வரை இதில் அடங்கும். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது. செய்தியை அழிக்காமல் வைத்திருந்து தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டப்படி குற்றம் என்பதால் காவல்துறையிலும் புகாரளிக்கலாம். விமர்சனம் வருமுன்பே மிரட்டலைப் பதிவு செய்து வைக்க டிரிப்அட்வைசர் தனி வசதி தருகிறது.

சட்டத்தின் வழி

சிங்கப்பூரில் ஒரு கடைக்கு இரண்டு முக்கியச் சட்டவழிகள் உண்டு. முதலாவது அவதூறு வழக்கு. பொதுச் சட்ட மரபோடு 1957-ன் அவதூறுச் சட்டமும் இதற்கு அடிப்படை. சொன்னது பெயரைக் கெடுப்பது, அது தம்மைக் குறிப்பது, மூன்றாமவருக்குப் போய்ச் சேர்ந்தது ஆகிய மூன்றையும் வழக்காடுபவர் நிறுவ வேண்டும். சொன்னது உண்மை, அல்லது உண்மைத் தகவலின் அடிப்படையில் எழுந்த நேர்மையான கருத்து என்று காட்டினால் எழுதியவர் தப்பலாம். “சாம்பார் சப்பென்று இருந்தது” என்பது நீதிமன்றத்துக்குரிய விஷயமே ஆகாது. “நேற்றைய சாம்பாரைச் சூடாக்கித் தருகிறார்கள்” என்பது தகவல். அது பொய்யானால் வழக்குக்கு இடமுண்டு. ஆனால் செலவும் காலமும் சிறு கடைக்குத் தாங்காது, வழக்கே பழைய விமர்சனத்தைப் புதிய செய்தியாக்கிவிடவும் கூடும்.

இரண்டாவது, 2014-ன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம். 2019-ல் செய்த திருத்தங்களுக்குப் பின், பொய்த் தகவலால் பாதிக்கப்பட்ட நிறுவனங்களும் இதன்கீழ் நிவாரணம் கோரலாம். 2021 ஜூன் முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. பதிவை நிறுத்தும்படியோ, அது பொய் என்ற திருத்தக் குறிப்பைச் சேர்க்கும்படியோ அது உத்தரவிடலாம். வேண்டுமானால் தளத்துக்கும் ஆணையிடலாம். இழப்பீட்டைவிடப் பொய்யை நிறுத்துவதே முக்கியம் என்று கருதும் சிறு வணிகருக்கு அவதூறு வழக்கைவிட இது பொருந்தும். இங்கும் பொய்த் தகவல் என்ற எல்லைக்குள்தான் நிவாரணம். கருத்து அதற்குள் வராது.

எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால், அடையாளத்தை வெளிப்படுத்தும்படி தளத்துக்கு ஆணையிடக் கோரலாம். மெல்பர்னில் ஒரு பல் மருத்துவர், பெயரின்றித் தம்மை விமர்சித்தவரின் விவரங்களைக் கோரிக் கூகல்மீது நடவடிக்கை எடுக்க 2020-ல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றத்தில் அனுமதி பெற்றார்.

வாடிக்கையாளரின் வாயை ஒப்பந்தத்தால் அடைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. அமெரிக்காவில் ஓர் இணையக் கடை, பாதகமாக எழுதியதற்கு 3,500 டாலர் அபராதம் என்று யூட்டா மாநிலத் தம்பதியிடம் கேட்டது. நீதிமன்றத்தில் கடை தோற்றது. இத்தகைய விதிகளைச் செல்லாததாக்கும் சட்டத்தை அந்நாடு 2016-ல் இயற்றியது.

போலிக்குப் போலி மருந்தாகாது

அநியாயமான ஒற்றை நட்சத்திரத்தைக் கண்ட கடைக்காரர் பலருக்கு முதலில் தோன்றுவது, உறவினரையும் ஊழியரையும் கொண்டு 5 நட்சத்திரங்களை நிரப்பலாம் என்பது. இது சட்டச் சிக்கலில் கொண்டுவிடும். விற்பனைத் தளம் ஒன்றில் தன்னைப் புகழ்ந்து போலி 5 நட்சத்திர விமர்சனங்களைப் பதிவிட்ட கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின்மீது 2024-ல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் போலி விமர்சனத் தடை விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் தடை வந்தது. இந்தியத் தரநிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் ஐஎஸ் 19000 என்ற தரத்தை 2022-ல் வகுத்தது. “5 நட்சத்திரம் போட்டால் மோர் இலவசம்” என்று மேசையில் அட்டை வைப்பதையும், மகிழ்ந்தவரை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதையும் கூகல் அனுமதிப்பதில்லை. எல்லா வாடிக்கையாளரிடமும் நிபந்தனையின்றி, “உங்கள் கருத்தை எழுதுங்கள்” என்று கேட்பதே நேர்வழி.

அன்றாடக் கடை நடப்பில் செய்யக்கூடியவை

பல குறைகள் இணையத்துக்குப் போவதற்குக் காரணம், கடையிலேயே கேட்க ஆள் இல்லாமற்போவது. பில் கொடுக்கும்போது “சாப்பாடு எப்படி இருந்தது?” என்று கேட்பதும், குறை சொன்னவருக்கு அங்கேயே தட்டை மாற்றித் தருவதும், மேலாளரின் தொடர்பு எண்ணைப் பில்லில் அச்சிடுவதும் செலவில்லாத ஏற்பாடுகள். காரத்தின் அளவு, பரிமாறும் முறை, ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் விலையில் சேர்ந்தவையா என்பதை உணவுப் பட்டியலில் தெளிவாகப் போட்டால் சுற்றுப்பயணியின் எதிர்பார்ப்பும் கடையின் நடப்பும் ஒத்துப்போகும். திறக்கும் நேரத்தைக் கூகல் கணக்கில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாற்றி வைக்காததால் பூட்டிய கதவின் முன் நின்று எழுதப்படும் விமர்சனங்களும் உண்டு.

பணத் தகராறு விமர்சனமாக வெடித்திருந்தால் கேஸ் அமைப்பின் சமரசப் பேச்சையோ, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தையோ நாடலாம். மன்றத்தில் வழக்கறிஞர் தேவையில்லை. பிணக்கு தீர்ந்த பின் விமர்சனத்தைத் திருத்தும்படி பணிவோடு கேட்பதில் தவறில்லை. பணத்தைத் திருப்பித் தருவதற்கு அதை நிபந்தனையாக்குவதுதான் தவறு.

தேக்காவில் கடையைக் கவனித்துக்கொண்டே கணக்கையும் கைப்பேசியையும் பார்க்கும் மூத்த வணிகர்கள் பலர் உள்ளனர். தங்கள் கடையின் கூகல் பக்கத்தை உரிமைகோராமல் விட்டிருப்பவர்களுக்குப் பதில் எழுதும் வசதியே கிடைக்காது. முதலில் அந்தப் பக்கத்தைத் தம் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும், வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் தர வேண்டும். லிட்டில் இந்தியா வணிகர்களின் சங்கமான லிஷாவும் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையும் இதற்கு உதவ ஏற்ற அமைப்புகள். பக்கத்தை உரிமைகோருதல், சான்று சேர்த்தல், பதில் எழுதுதல், தளத்திடமும் நீதிமன்றத்திடமும் முறையிடுதல் ஆகியவற்றைத் தமிழில் கற்றுத் தந்தால், விமர்சனத்துக்கு அஞ்சி ஒதுங்கும் சிறு கடைகளும் பெரிய நிறுவனங்களுக்கு நிகராகத் தம் பெயரைக் காத்துக்கொள்ள முடியும்.